சரக்குக்கு முந்தும் செய்தி
பேரங்காடியின் ஐம்பது ஆண்டும் நம் மளிகைக் கடைகளும்



பொன்விழா மலர்களில் வணிகம் பற்றி எழுதும்போது எந்தத் தெருவில் யார் கடை வைத்திருந்தார், யாருடைய கிட்டங்கியில் யார் வேலை பார்த்தார் என்று பதிவு செய்வது நம் வழக்கம். அது அவசியமான வேலை. அதைச் செய்யத் தகுந்த பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறொரு கேள்வி. அந்தக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்த மக்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள்?

"பேரங்காடியில் விலை குறைவு, குளிர்சாதன வசதி உண்டு, அதனால் போய்விட்டார்கள்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மைதான். விலையைக் குறைக்க ஒரு கடையால் எப்படி முடிந்தது என்று கேட்டால்தான் மீதிப் பாதி தெரியும். சிங்கப்பூரின் மிகப் பெரிய அங்காடித் தொடரான என்டியுசி ஃபேர்பிரைஸுக்கும் நம் சங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அது தன் சரக்கை வாங்கி, சேர்த்து, கடைக்குக் கொண்டுவரும் முறையை, அதாவது விநியோகத் தொடரை, இந்த ஐம்பது ஆண்டுகளில் எப்படித் திருத்திக்கொண்டே வந்தது என்பதைப் படித்தால் நம் கடைகளின் கதையும் கூடவே விளங்கும்.

காற்றும் தந்தியும்

நம் முன்னோர் சோழமண்டலக் கரையிலிருந்து பாய்மரம் ஏறிய காலத்தில் காற்றுதான் நாள்காட்டி. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் வணிகர்கள் துணியைக் கிழக்கே கொண்டுவந்தார்கள். பாக்கும் மிளகும் வெள்ளீயமும் மேற்கே போயின. 1786ல் பினாங்கிலும் 1819ல் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் துறைமுகம் திறந்தபோது அங்கே முதலில் கடை விரித்தவர்களில் சூலியா வணிகர்களும் இருந்தார்கள். பினாங்கில் 1801ல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826ல் தொடங்கிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அந்த வணிகத்தின் கல்வெட்டுகள்.

அந்த வணிகத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. சரக்கும் செய்தியும் ஒரே கப்பலில் வந்தன. பினாங்கில் என்ன துணிக்குக் கிராக்கி என்பது நாகூரில் தெரிய வேண்டுமானால் ஒரு கப்பல் திரும்பிப் போக வேண்டும். அந்தச் செய்திக்கேற்பச் சரக்கு வர அடுத்த பருவக்காற்று வீச வேண்டும். அதற்குள் கிராக்கி மாறியிருக்கும். இந்த இருட்டைச் சமாளிக்க அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு துறைமுகத்திலும் மைத்துனரையோ மருமகனையோ உட்காரவைப்பது. அவர் எழுதும் கடிதத்தில் குசலம் நான்கு வரி இருக்கும், விலை நிலவரம் நாற்பது வரி இருக்கும். நம்பிக்கையான ஆளிடமிருந்து வரும் சரியான கணக்கே அன்றைய மூலதனம்.

1871ல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடலடித் தந்தி சேவைக்கு வந்தது. முதன்முறையாகச் செய்தி சரக்கை முந்தியது. கப்பல் கரை தொடுமுன்பே விலை தெரிந்தவன் வென்றான். தெரியாதவன் அதே கப்பலில் அதே சரக்கை வைத்துக்கொண்டு தோற்றான். இந்த ஒரு பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

555 நோட்டு

கம்பத்திலும் பின்னர் வீவக பேட்டைகளிலும் இருந்த மளிகைக் கடையை நம் பெற்றோர் தலைமுறை நன்றாக அறியும். வாசலில் அரிசி மூட்டைகள், உள்ளே எண்ணெய் டின்கள், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் காசு டப்பா, கல்லாவுக்குப் பக்கத்தில் 555 என்று அட்டையில் அச்சடித்த சின்னக் கடன் நோட்டுகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நோட்டு. சம்பள நாளில் கணக்குத் தீரும்.

அந்த நோட்டைக் கடன் நோட்டு என்று மட்டும் பார்த்தால் அதன் அருமை தெரியாது. எந்த வீட்டில் மாதம் எத்தனை கிலோ அரிசி, எந்த வீட்டில் குழந்தைப் பால்மாவு, நோன்பு மாதத்தில் யாருக்குக் கடற்பாசியும் பேரீச்சையும் கூடுதலாக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. இன்று பேரங்காடிகள் உறுப்பினர் அட்டை கொடுத்து, புள்ளிகள் கொடுத்து வாங்கும் விவரம், நம் கடைக்காரரிடம் ஐம்பது காசு நோட்டில் இருந்தது.

ஆனால் அந்த விவரம் கடையை விட்டு வெளியே போகவில்லை. மொத்த வியாபாரியின் ஆள் வாரம் ஒருமுறை வந்து "என்ன வேணும் பாய்?" என்று கேட்பார். கடைக்காரர் அலமாரியைப் பார்த்து, மனக்கணக்குப் போட்டு, இரண்டு மூட்டை கூட்டியே சொல்வார். மொத்த வியாபாரி தன் பங்குக்கு இன்னும் கூட்டி இறக்குமதியாளரிடம் சொல்வார். இறக்குமதியாளர் தாய்லாந்துக்கோ இந்தியாவுக்கோ எழுதும்போது அது மேலும் பெருகியிருக்கும். கடைக்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், எது தீர்ந்தது என்று கடையில் வேறு எவருக்கும் தெரியாது. அறிவு ஒரு தலைக்குள் இருந்தது. அந்தத் தலை ஓய்ந்தபோது கடையும் ஓய்ந்தது.

1973

தொழிற்சங்கங்கள் கூட்டுறவு அமைப்புகளைத் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் 1969ல் நடந்த என்டியுசி கருத்தரங்கில் உருவானது. காப்புறுதிக்கும் டாக்சிக்கும் அடுத்து, மளிகைக்காக 'என்டியுசி வெல்கம்' பிறந்தது. அதன் முதல் பேரங்காடியைத் தோ பாயோவில் 1973ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி பிரதமர் லீ குவான் யூ திறந்துவைத்தார்.

அந்த ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும். தாய்லாந்து அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டே போனது. அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி தொடங்கியது. பதுக்கலும் கொள்ளை லாபமும் பொதுமக்களின் அன்றாடப் பேச்சாக இருந்த காலத்தில், நியாய விலைக்கு அரிசி விற்கும் கடை என்பதே அதன் முதல் முகவரி.

அதே 1973ல்தான் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டு ஓடிய 'ராஜுலா' கப்பல் தன் பழைய சேவையை முடித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1972 ஜூன் மாதம், தஞ்சோங் பகார் கொள்கலன் முனையத்தில் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. மூட்டையாக, பெட்டியாக, ஆள் தோளில் ஏறி இறங்கிய சரக்கு இனி இரும்புப் பெட்டிக்குள் வரும். நம்மவர் பலர் பிழைத்த துறைமுக வேலையும் சில்லறை வணிகமும் ஒரே சமயத்தில் தலைகீழாக மாறத் தொடங்கிய காலம் அது. அன்று அது யாருக்கும் அவ்வளவாகத் தெரிந்திருக்காது.

கூட்டுறவுக் கடை என்ற கருத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. 1844ல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. கலப்படமில்லாத பொருள், சரியான எடை, லாபத்தில் உறுப்பினருக்குப் பங்கு என்பவை அவர்கள் வைத்த நிபந்தனைகள். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே தனி அத்தியாயம் கொண்ட வேதத்தைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த நிபந்தனைகள் அந்நியமானவை அல்ல.

1983ல் 'வெல்கம்' வேறொரு தொழிற்சங்கக் கூட்டுறவு அமைப்புடன் இணைந்து 'என்டியுசி ஃபேர்பிரைஸ்' ஆனது. இணைந்ததன் பயன் பெயர் மாற்றத்தில் இல்லை. இரண்டு பேர் தனித்தனியாக வாங்கிய சரக்கை ஒருவராக வாங்கினார்கள். வாங்கும் அளவு கூடியதால் விலை பேசும் பலமும் கூடியது.

நடுவில் ஒரு கிடங்கு

ஆனால் நிறைய வாங்குவதால் மட்டும் விநியோகம் சீராகிவிடாது. கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். ஐம்பது விநியோகிப்பாளர்கள் இருபது கடைகளுக்குத் தனித்தனியே லாரி அனுப்பினால், ஒரு சுற்றுக்கு ஆயிரம் நடை. ஒவ்வொரு கடையின் பின்வாசலிலும் ஐம்பது லாரிகள் வரிசை நிற்கும். ஒவ்வொரு லாரிக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டு, பெட்டி எண்ணி, இடம் தேட வேண்டும். நடுவில் ஒரு கிடங்கை வைத்தால், ஐம்பது லாரிகள் அங்கே இறக்கும். அங்கிருந்து இருபது லாரிகள் ஒவ்வொரு கடைக்கும் வேண்டியதைக் கலந்து ஏற்றிச் செல்லும். ஆயிரம் நடை எழுபதாகிறது. கடையின் பின்கட்டில் பெரிய சேமிப்பறை தேவையில்லை. அந்த இடமும் விற்பனைக்கு வந்துவிடும். சிங்கப்பூர் வாடகையில் இது சின்ன விஷயமா?

இந்த வழியில் முன்னோடி அமெரிக்காவின் வால்மார்ட். 1962ல் முதல் கடையைத் திறந்த சாம் வால்டன், முதலில் கிடங்கை அமைத்து, அதிலிருந்து லாரி ஒரு நாளில் போய்வரும் தூரத்துக்குள் கடைகளைத் திறக்கும் முறையைப் பின்பற்றினார். கிடங்கின் ஒரு வாசலில் இறங்கும் சரக்கு, அடுக்கில் ஏறித் தூங்காமல், மறுவாசலில் நிற்கும் லாரிக்கு நேரே போகும் ஏற்பாட்டையும் அந்த நிறுவனம் பெரிய அளவில் கையாண்டது. அரிசியோ சோப்போ தரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் பணம் கிடக்கிறது என்பது அதன் கணக்கு.

சிங்கப்பூருக்கு 1997ல் பிரெஞ்சு நிறுவனமான காரஃபோர் சன்டெக் சிட்டியில் மாபெரும் கடையுடன் வந்தது. அதே ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியும் வந்தது. அடுத்த ஆண்டு, 1998ல், ஃபேர்பிரைஸ் மளிகைச் சரக்குகளுக்கென்று தன் சொந்தக் கிடங்கு, விநியோக நிறுவனத்தை அமைத்தது. 2003ல் காய்கறி, பழம் போன்ற புதிய உணவுப்பொருள்களுக்கும் தனி விநியோக நிலையம் வந்தது. கீரைக்குக் கெடு ஒரு நாள். பச்சை மிளகாய்க்குச் சில நாள். அரிசிக்குப் பல மாதம். மூன்றையும் ஒரே கிடங்கில், ஒரே வேகத்தில் நடத்த முடியாது என்பதை அது உணர்ந்திருந்தது. காரஃபோர் 2012ல் சிங்கப்பூரை விட்டு வெளியேறியது. ஃபேர்பிரைஸ் நிலைத்தது.

கறுப்புக் கோடுகளும் சாட்டையும்

1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பேரங்காடியில் ரிக்லி சூயிங்கம் பொட்டலம் ஒன்று முதன்முறையாகப் பட்டைக்குறி வருடப்பட்டு விற்பனையானது. இன்று நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் எந்தப் பொட்டலத்தையும் திருப்பிப் பாருங்கள். 888 என்று எண் தொடங்கினால் அது சிங்கப்பூரில் பதிவான எண், 955 என்றால் மலேசியா, 890 என்றால் இந்தியா.

கல்லாவில் வேகம் கூடியது என்பது பட்டைக்குறியின் சின்னப் பயன். பெரிய பயன், ஒவ்வொரு விற்பனையும் அந்தக் கணமே ஒரு செய்தி ஆனதுதான். தெம்பனிஸில் ஒரு பொட்டலம் ரவை விற்றால் கிடங்குக்குத் தெரியும். வால்மார்ட் 1987ல் துணைக்கோள் வழியே தன் கடைகளை இணைத்தது. அதன் பிறகு தன் விற்பனைக் கணக்கை விநியோகிப்பாளர்களுக்கே திறந்து காட்டியது. "என்ன வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காத்திருக்காதே, என்ன விற்றது என்று நீயே பார்த்து அனுப்பு" என்பதே அதன் பொருள். நம் வணிக வழக்கத்தில் விற்பனைக் கணக்கைப் பிறரிடம் காட்டுவது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். ஆனால் அதைக் காட்டியதால்தான் தேங்கும் சரக்கு குறைந்தது.

ஏன் குறைந்தது என்பதை விளக்க ஒரு வகுப்பறை விளையாட்டு உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவானது. விநியோகத் தொடர் படித்தவர்களில் இதை விளையாடாதவர் குறைவு. நான்கு பேர் வரிசையாக அமர்வார்கள். ஒருவர் சில்லறைக் கடை, அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகிப்பாளர், நான்காமவர் ஆலை. மூல விளையாட்டில் சரக்கு பீர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் எங்கள் மேசையில் அதை மைலோ பெட்டி என்று வைத்துக்கொண்டோம். யாரும் யாரிடமும் பேசக்கூடாது. ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். வாடிக்கையாளரின் தேவை நாலு பெட்டியிலிருந்து எட்டாக ஒரே ஒருமுறை உயரும். அவ்வளவுதான். ஆனால் சில்லறைக் கடைக்காரர் பயந்து பன்னிரண்டு கேட்பார், மொத்த வியாபாரி இருபது கேட்பார், ஆலை நாற்பது உற்பத்தி செய்யும். சில வாரம் கழித்து எல்லாருடைய கிடங்கும் நிரம்பி வழியும், ஒருவரும் ஒரு பெட்டிகூடக் கேட்கமாட்டார்கள். சாட்டையின் கைப்பிடி சற்றே அசைந்தால் நுனி எப்படித் துடிக்கிறதோ அப்படி. இதைத்தான் அறிஞர்கள் சாட்டை விளைவு என்கிறார்கள். குழந்தைகளுக்கான டயப்பர் வணிகத்தில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதைக் கண்டது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் டயப்பரை நனைக்கின்றன. ஆலைக்கு வந்த ஆர்டர் மட்டும் அலையாய் எழுந்து விழுந்தது.

"இரண்டு மூட்டை கூட்டியே சொல்" என்ற நம் கடைக்காரரின் பழக்கத்தை இப்போது மறுபடி பாருங்கள். அது பேராசையில் பிறந்ததல்ல. அடுத்த லாரி எப்போது வரும் என்று தெரியாதவன் செய்துகொண்ட தற்காப்பு அது. செய்தி இல்லாத இடத்தைச் சரக்கால் நிரப்பினார். அந்தச் சரக்கில் அவர் முதல் முடங்கியது.

2020ம் 2023ம்

2020 பிப்ரவரி 7ஆம் தேதி சிங்கப்பூரில் நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்தது. அன்று மாலையே அரிசி, நூடல்ஸ், கழிவறைத் தாள் அலமாரிகள் காலியாயின. வாட்ஸ்அப் படங்கள் லாரியைவிட வேகமாக ஓடின. கிடங்குகளில் சரக்கு இருந்தது. அதை அலமாரிக்குக் கொண்டுவரும் கைகளும் நேரமும்தான் போதவில்லை. இரண்டு நாளில் ஃபேர்பிரைஸ் ஒருவருக்கு அரிசி இரண்டு மூட்டை, நூடல்ஸ் நான்கு பொட்டலம் என்று வரம்பு வைத்தது. மார்ச் 16ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை அறிவித்தபோது மீண்டும் அதே காட்சி. சரக்குப் போக்குவரத்து தொடரும் என்று உறுதியான பிறகே மனங்கள் அடங்கின.

இங்கே அரசாங்கத்தின் பழைய ஏற்பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதனால் அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல் இரு மடங்கை, நியமிக்கப்பட்ட கிடங்கில் எப்போதும் இருப்பு வைக்க வேண்டும். அங்காடித் தொடரின் கெட்டிக்காரத்தனம் இருப்பைக் குறைப்பதில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு இருப்பை வைத்திருப்பதில் இருக்கிறது. இரண்டையும் எடைபோடத் தெரிய வேண்டும். எல்லாச் சரக்கையும் நாளைக்கு நாள் என்று நடத்துவது எவ்வளவு தவறோ, எல்லாச் சரக்கையும் குவித்துவைப்பதும் அவ்வளவு தவறு.

2023 ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சிங்கப்பூரின் அரிசி இறக்குமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து வந்தது. நாடுகளுக்கிடையே பேசி, சிங்கப்பூருக்கு இந்தியா தனி அனுமதி அளித்தது. இருந்தாலும் அந்த வாரங்களில் வேறுபாடு வெளிச்சமாகத் தெரிந்தது. பல நாட்டிலிருந்து வாங்கும் தொடர், தாய்லாந்து அரிசியையும் வியட்நாம் அரிசியையும் முன்னே நகர்த்தலாம். பொன்னியை மட்டும் நம்பி, அதுவும் ஒரே விநியோகிப்பாளரை மட்டும் நம்பி நடக்கும் நம் கடைக்கு அந்த வசதி இல்லை. 2019லும் 2020லும் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோதும் இதே கதைதான்.

பெரிதாக இருந்தால் போதுமா?

பெரிய நிறுவனம் என்றால் எல்லாம் தானே நடக்கும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013ல் கனடாவுக்குப் போய் மளமளவென்று 133 கடைகள் வரை திறந்தது. பொருள்களின் அளவு, எடை, பெட்டிக்கு எத்தனை என்ற அடிப்படை விவரங்களே கணினியில் தவறாக ஏறியிருந்தன. கிடங்குகள் நிரம்பி வழிந்தன, கடை அலமாரிகள் காலியாக நின்றன. இரண்டே ஆண்டில், 2015 ஜனவரியில், எல்லாக் கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. எண்ணிக்கை தவறினால் கணினி அந்தத் தவறை வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

2002ல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பேரங்காடிகளில் சராசரியாகச் சுமார் 8 விழுக்காடு பொருள்கள் எந்த நேரத்திலும் அலமாரியில் இல்லை என்று தெரிந்தது. காரணங்களில் பெரும்பகுதி ஆலையிலோ கப்பலிலோ இல்லை. கடைக்குள்ளேயே இருந்தது. குறைத்து ஆர்டர் போட்டது, பின்கட்டில் இருந்த பெட்டியை முன்னே கொண்டுவராதது. ஆயிரம் கடல் மைல் தாண்டி வந்த சரக்கு கடைசி இருபது அடியில் நின்றுவிடுகிறது. அந்த இருபது அடியில் சின்னக் கடை பெரிய கடையைவிட எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல.

இந்த ஒழுங்குக்கு விலையும் உண்டு. பெரிய தொடருக்குச் சரக்குக் கொடுக்கும் நம்மவர் எவரும் அறிவார்: குறித்த மணிக்கு லாரி வாசலில் நிற்க வேண்டும், பெட்டி குறித்த அளவில் இருக்க வேண்டும், காலாவதிக்கு இத்தனை மாதம் மீதம் இருக்க வேண்டும், பணம் வரத் தவணை நாள் காத்திருக்க வேண்டும். திருத்தத்தின் சுமை பல சமயம் பலம் குறைந்தவர் தோளில் ஏறுகிறது. மேலும், சம்பளம் தாமதமான மாதத்தில் "அடுத்த மாசம் குடுங்கம்மா" என்று சொல்லும் அதிகாரம் எந்தக் கல்லா இயந்திரத்துக்கும் இல்லை. 555 நோட்டோடு போன அந்த ஈரத்தை எந்த உறுப்பினர் அட்டையும் திருப்பித் தரவில்லை.

நம் கையில் உள்ளது

அப்படியானால் நம் கடைகள் என்ன செய்யலாம்? வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1932ல் நெதர்லாந்தில், பெரிய தொடர் கடைகளின் போட்டியைத் தாங்க முடியாத சில்லறைக் கடைக்காரர்கள் ஒரு மொத்த வியாபாரியின் முயற்சியில் கூட்டுச் சேர்ந்தார்கள். கடை அவரவருக்கே சொந்தம். வாங்குவது மட்டும் சேர்ந்து. அதுவே இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் 'ஸ்பார்'. அமெரிக்காவில் 1926லேயே தனிக்கடைக்காரர்கள் இதேபோல் ஒரு கூட்டணி அமைத்தார்கள். தனித்தனியாக நின்று மறைந்த கடைகளைவிட, சேர்ந்து வாங்கி நின்ற கடைகளுக்கு ஆயுள் கூடுதல்.

நம்மிடம் இதற்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. ஒரே ஊர்க்காரர், ஒரே ஜமாஅத், வெள்ளிதோறும் சந்திக்கும் பழக்கம். இல்லாதது ஒன்றுதான்: கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் மனம். பத்துக் கடைகள் தங்கள் மாத அரிசி, பருப்பு, எண்ணெய் விற்பனையை ஒரே தாளில் எழுதினால் அது ஒரு கொள்கலனுக்குக் கணக்காகலாம். ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டால் அது பத்து மூட்டைதான். கொள்கலன் கேட்பவருக்கு ஒரு விலை, மூட்டை கேட்பவருக்கு ஒரு விலை. இது இறைவன் வகுத்த விதி அல்ல, சந்தை வகுத்தது. மாற்றலாம்.

அதற்கு முன் ஒவ்வொரு கடைக்குள்ளும் செய்ய வேண்டியது செலவில்லாதது. ஆரம்பத்தில் இருபது பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரம் என்ன விற்றது, என்ன மீதம் என்று எழுதுவது. கைப்பேசியே போதும். முதலில் காலாவதியாவதை முன்னே வைப்பது. ஒவ்வொரு முக்கியச் சரக்குக்கும் இரண்டாவது விநியோகிப்பாளர் ஒருவரை அறிந்து வைப்பது. முக்கியமாக, கணக்கை ஒரு தலையில் வைக்காமல் மகனோ மகளோ வேலையாளோ படிக்கும்படி எழுதிவைப்பது. பட்டப்படிப்போ பட்டயப்படிப்போ முடித்த நம் பிள்ளைகள் "கடையில் எனக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். இதுதான் வேலை. மூட்டை தூக்க அவர்களைக் கூப்பிடாதீர்கள், கணக்குப் பார்க்கக் கூப்பிடுங்கள். அவர்கள் படித்ததற்கும் வாப்பா நடத்தியதற்கும் இடையில் உள்ள தூரம் அவர்கள் நினைப்பதைவிடக் குறைவு.

சங்கமும் இதில் ஒரு படி எடுத்து வைக்கலாம். நோன்பு மாதத்துக்குப் பேரீச்சையும் கஞ்சி அரிசியும் ஆண்டுதோறும் பல பள்ளிவாசல்களும் கடைகளும் தனித்தனியே வாங்குகின்றன. எவ்வளவு வேண்டும் என்பது ஏறக்குறைய முன்பே தெரிந்த சரக்கு இது. எப்போது வேண்டும் என்பதும் தெரியும். சேர்ந்து வாங்கிப் பழக இதைவிட எளிதான தொடக்கம் வேறு கிடைக்காது. அதில் வரும் மிச்சத்தைப் பார்த்த பின், அரிசிக்கும் எண்ணெய்க்கும் போவது கடினமாக இராது.

நாகூரிலிருந்து வந்தவரின் கையில் பணம் குறைவாக இருந்தது. ஆனால் பினாங்கிலிருந்து உறவினர் எழுதும் கடிதத்தை நம்பி அவர் கப்பல் நிறையச் சரக்கு ஏற்றினார். ஒருவர் கணக்கை மற்றவர் நம்பிய அந்த அமானிதம்தான் நம் வணிகத்தின் முதல் விநியோகத் தொடர். பேரங்காடி அதை இயந்திரங்களால் மறுபடி கட்டியிருக்கிறது. நமக்கு அதை மனிதர்களால் கட்டத் தெரியும். முன்பு கட்டியவர்கள்தானே நாம். இன்ஷா அல்லாஹ், சங்கத்தின் அறுபதாம் ஆண்டு மலரில் மூடிய கடைகளின் பட்டியலோடு சேர்ந்து வாங்கும் கடைகளின் பட்டியலும் இடம்பெறட்டும்.